வெட்டு அதிர்வெண்

தலவாக்கலை பஸ் நிலையத்துக்கு மேலே
இரண்டாம் மாடியில் கடை.
மேசையில் ஒரு தராசு
குடலைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது.
மேல் டிவிசனிலிருந்து வந்தது.
பை ஏறாதபோதும் எண் ஆடுகிறதாம்:
தசம் எட்டு, ஒன்று தசம் இரண்டு, தசம் நான்கு.

ஆட்டம் எங்கிருந்தென்று எனக்குத் தெரியும்.
ஸ்டோருக்குள் கொழுந்து வாட்டும் விசிறிகள்
ஐம்பது ஹேர்ட்ஸில் முனகுகின்றன.
நீண்ட வயர் அதை ஒட்டுக்கேட்டபடி வருகிறது.

லெப்டொப்பில் சுற்றை வரைகிறேன்.
ஒரு ஒப்-அம்ப்.
நூறு கிலோ ஓம் இரண்டு
(இந்தக் கிலோவை யாரும் குறைப்பதில்லை).
ஒரு மைக்ரோ ஃபராட்,
பாதிக்குச் சற்றுக் குறைவாய் இன்னொன்று.
தசம் ஒன்றிலிருந்து ஆயிரம் வரை
ஓடு என்கிறேன்.

கோடு தட்டையாய் நடக்கிறது,
பெரட்டுக்களத்தில் நடப்பதுபோல.
இரண்டரைக்குக் கிட்ட விளிம்பு.
பிறகு சரிவு,
மழைநாளில் கூடையோடு யாரும்
கால்வைக்கத் தயங்குகிற சரிவு.
ஐம்பதில் சுட்டியை நிறுத்துகிறேன்:
மைனஸ் ஐம்பத்துமூன்று டெசிபல்.
முனகல் செத்தது.
கீழே குரல்கொடுத்து ஒரு பிளேன்டீ சொல்கிறேன்.

கோடு மூன்று டெசிபல் இறங்கும் இடத்துக்கு
பாடப்புத்தகத்தில் வெட்டு அதிர்வெண் என்று பேர்.
அங்கே சக்தியில் பாதி போயிருக்கும்.
பக்கத்துக் காம்பரா யோகமலர் அக்காவிடம்
ஒருநாள் இதைச் சொல்லிவிட்டேன்.
"மூணு வெட்டுனா பாதி போயிருமா?
எங்களுக்கும் மூணுதான்டா வெட்டுறாங்க."

பைக்கு ஒன்று.
ஈரத்துக்கு ஒன்று, மாசி வெயிலிலும் ஈரம்.
மூன்றாவது எதற்கென்று
கணக்குப்பிள்ளையே யோசித்துத்தான் சொல்லவேண்டும்.

நடுவில் மின்வெட்டு. அதுவும் வெட்டுதான்.
பற்றரியில் இருபது நிமிடம் இருக்கிறது.

விளிம்பை அரை ஹேர்ட்ஸுக்கு இறக்கிப் பார்க்கிறேன்.
எண் சிலையாய் நிற்கும்,
ஆனால் நிற்பதற்கு நேரமெடுக்கும்.
தராசடியில் அறுபது பேர், மழை,
பிள்ளைக்காம்பராவில் பால்கட்டி அழும் குழந்தைகள்.
வேண்டாம்.
பழையபடி இரண்டரை.
பை ஊசலாடுவது கொஞ்சம் தெரிந்துவிட்டுப் போகட்டும்.

பிறகு இடப்பக்கம் பார்த்தேன்.
ஒன்று, தசம் ஒன்று, தசம் பூச்சியம் ஒன்று:
எத்தனை தூரம் போனாலும்
மடக்கை அச்சில் பூச்சியம் வராது.
ஆடாத எதற்கும் இந்த வரைபடத்தில் இடமில்லை.
அந்த மூன்று கிலோ ஆடுவதில்லை.
திங்களும் மூன்று, சனியும் மூன்று,
தீபாவளிக்கு முந்தின நாளும் மூன்று.
என் வடிகட்டி அதைத் தொடாது.
தொடவும் முடியாது,
தராசு பேசி முடித்த பிறகு
பேனாவால் வெட்டுவது அது.

பலகையின் ஓரத்தில்
யாரும் பயன்படுத்தாத ஒரு இணைப்பு இருந்தது.
பழைய தராசொன்றின் முகப்பைக் கழற்றி
அதில் மாட்டினேன்.
முன்பக்க எண் கணக்குப்பிள்ளைக்கு.
பின்பக்க எண் வரிசைக்கு,
சிவப்பில், விரல் உயரத்தில்.
பில்லில் எழுதியது: இரைச்சல் நீக்கம், உதிரிப்பாகம்.

வெள்ளிக்கிழமை தராசு மேலே போகிறது.
அறுபது பேர் ஒரே எண்ணைப் பார்த்தால்
கோடு எப்படிப் போகுமென்று
வரைந்துகாட்ட மென்பொருள் எதுவும் என்னிடமில்லை.
பிளேன்டீ ஆறிவிட்டது.