காலி வண்டி எடை

நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை வருகிறாள்
சிஸ்டர் ரெஜினா.
"கையை நீட்டுங்க சென்றாயன். விரலை விரிங்க."
விரித்த விரல்கள்மேல் ஒரு தாளை வைக்கிறாள்.
தாள் சரசரக்கிறது.
அட்டையில் எழுதுகிறாள்: இருபத்திரண்டு.

எண்கள் எனக்குத் தெரியும்.
கிருஷ்ணகிரி பைபாஸில் பதினோரு வருடம்
எடைமேடையில் உட்கார்ந்தவன் நான்.
கிரானைட் ஏற்றிய லாரி மேடை ஏறியதும்
சிவப்பு எண் துள்ளும், இறங்கும், மறுபடி துள்ளும்.
டிரைவர் ஹாரன் அடிப்பான்.
நிற்கட்டும் என்பேன்.
நின்றால்தான் ரசீது.

காலையில் அந்தப் பட்டனை நடுங்காமல் அழுத்த
குவார்ட்டரில் பாதி வேண்டியிருந்தது.

போன ஆடியில் நானாகவே நிறுத்தினேன், வீட்டில், வீம்பாக.
இரண்டாம் நாள் வலிப்பு வந்து
கேஸ் அடுப்பின் மேல் விழுந்தேன்.
தோள்பட்டைத் தழும்பைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்:
"விடுறதுக்கும் ஒரு அளவு இருக்கு."

பக்கத்துக் கட்டிலில் லோகித், ஓசூர்.
வலி மாத்திரைக்கு நரம்பைக் கொடுத்தவன்.
மூக்கு ஒழுகுகிறது, கொட்டாவி நிற்கவில்லை.
போர்வைக்குள் கால்கள் சைக்கிள் மிதிக்கின்றன
இரவெல்லாம்,
கட்டிலைத் தாண்டாத சைக்கிள்.

இரண்டாம் இரவு சுவரில் எறும்புகள்.
ஆளுக்கொரு கல் சுமந்து வரிசையில் நின்றன.
ரசீது கேட்டன.
முன்பு நான் குறைத்துப் போட்ட டன்களை எல்லாம்
ஒவ்வொன்றாய்ச் சொல்லிக் கேட்டன.
லைட்டைப் போட்டாள் ரெஜினா.
"எங்க இருக்கீங்க?"
"மேடையில."
"இன்னைக்கு என்ன கிழமை?"
"லோடு கிழமை."
அவள் சிரிக்கவில்லை. ஊசி போட்டாள்.
இருபத்தெட்டு.

மாதம்மாளை வாசலில் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள்.
பையைக் கொட்டி, டப்பாவைத் திறந்து,
தண்ணீர் பாட்டிலை முகர்ந்து பார்த்து.
அவள் கோபப்படவில்லை.
பதினாறு வருடமாக அவளும் அதைத்தான் செய்கிறாள்.

ஐந்தாம் நாள் தாள் சத்தம் போடவில்லை.
ஆறு, என்று எழுதினாள்.
சாப்பாடு கொஞ்சம் உள்ளே நின்றது.
லோகித் வாய் திறந்து தூங்கினான்.

பிறகு என்னை வார்டின் பழைய எடை மெஷினில் ஏற்றினார்கள்.
ஐம்பதா, ஐம்பத்தொன்றா,
முள் ஆடிக்கொண்டிருந்தது.
எங்கள் வேலையில் இதற்குக் காலி வண்டி எடை என்று பேர்.
அது தெரியாமல்
சரக்கு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

பேனாவைத் திறந்துவிட்டாள் ரெஜினா.
"நிற்கட்டும் சிஸ்டர்" என்றேன்.

நின்றாள் அவளும்.