ஒஸ்லோவில் இருக்கிறன்

இரவு ஒன்று நாற்பது.
திரையில் ஒரு பச்சைப் பூட்டு.
“நீங்கள் ஒஸ்லோவில் இருக்கிறீர்கள்” என்குது விபிஎன்.

இது விசுவமடு. றெட்பானாச் சந்தியால் திரும்பி
நாலாவது ஒழுங்கை.
சந்தியின்ர பேரும் நோர்வேயால வந்ததுதான்,
ஒரு தொண்டு நிறுவனத்தோட வந்து
அது போனபிறகும் நின்றுட்டுது.
அந்தளவுக்கு நான் ஒஸ்லோ.

சோதிக்கிற பக்கத்தைத் திறந்தால்
நூற்றிப்பன்னிரண்டில் தொடங்குகிற என்ர ஐபி
துடைச்சு வைச்ச மாதிரி நிக்குது.
நாடு: இலங்கை. நகரம்: கொழும்பு.
இரவு பஸ்ஸில் எட்டு மணித்தியாலம் அந்தப் பிழை.
காட்டிக்குடுக்கேக்கயும்
வேற ஊரில வைச்சுத்தான் காட்டிக்குடுக்குது.
சந்தோசப்படுறதோ தெரியேல்லை.

அனுப்பவேண்டியது பெரிசில்லை.
அறுபத்திமூன்று பேர்,
ஆளுக்கொரு படம்,
கடைசியாய்க் கண்ட இடம், கண்ட திகதி.
பந்தலில் இருக்கிற பூங்கோதை அன்ரி
கொப்பியைத் தரேக்க சொன்னா:
“பேரெல்லாம் வடிவாய்த் தெரியவேணும் பிள்ளை,
தகப்பன்ர முதலெழுத்தையும் விடாதை.
உன்ர பேர் தெரியக்குடாது.”

ஒஸ்லோவை விட்டு சூரிச்சுக்கு மாறினன்.
சூரிச்சிலும் நான் கொழும்பு.
செயலியை அழிச்சுத் திரும்பப் போட்டன்.
குக்கி எல்லாம் துடைச்சன்.
கொழும்பு.

யதுகுலன் குரல்பதிவு அனுப்பினான்,
பிள்ளை நித்திரையாம், குசுகுசுத்தபடி:
“நீ காட்டுக்குள்ளால சுத்திப் போறாய், சரி.
வழியை ஆரிட்டக் கேக்கிறாய்?
அதே சென்றியில நிக்கிறவனிட்ட.”
டிஎன்எஸ்ஸை மாத்தினன்.

பிறகு மற்ற முகவரி,
முக்காற்புள்ளி முக்காற்புள்ளியாய் நீளமானது.
முன்பக்கம் தகரம் அடிச்சு அடைச்சுப்போட்டு
பின்வளவைத் திறந்து விட்டிருக்கிறன் இவ்வளவு நாளும்.
ஐபி ஆறாம் பதிப்பை நிப்பாட்டினன்.
வீடியோவில் கதைக்கவெண்டு பிரவுசருக்குள்ள ஒரு யன்னல்,
கேக்கிற எவனுக்கும் உள்விலாசம் சொல்லுமாம்.
அதையும் சாத்தினன்.

ரெண்டு இருபத்தைஞ்சுக்குக் கரண்ட் போச்சு.
வந்தபோது றவுட்டர் ஒவ்வொரு கண்ணாய் முழிச்சுது.
விபிஎன் எழும்ப முதல்
நாற்பது செக்கன்
என்ர கணினி தன்பாட்டில் வெளியில ஓடித் திரிஞ்சுது
அம்மணமாய்.
அதுக்கும் ஒரு ஆளி இருக்கு, மூன்று பட்டியலுக்குக் கீழ:
மறைப்பு இல்லாட்டி இணைப்பே வேண்டாம்.
போட்டன்.

மூன்று பத்து. ஒஸ்லோ.
திரும்பத் திறந்தன். ஒஸ்லோ.
போனால் பார்த்தாலும் ஒஸ்லோ.
நாற்பத்தொரு பேரை ஏத்தி முடிக்க
சேவல் கூவிப்போட்டுது.

காலமை பாண் வாங்கப் போனன்.
கடைவாசலில் மோட்டச்சைக்கிளில் இருந்தவர்
(ஆரெண்டு ஊருக்கே தெரியும், பேர்தான் தெரியாது)
சிரிச்சார்.
“என்ன தங்கச்சி, விடிய மூன்று மணிக்கும்
வீட்டில லைற் எரிஞ்சது? சுகமில்லையோ?”

“பல்லுக்கொதி அண்ணை.”

பாண் சூடு. கை மட்டும் குளிர்ந்தது.

இண்டைக்கு லைற்றை நூத்தாச்சு.
போர்வைக்குள்ள நானும் திரையும் ஒரு நுளம்பும்.
மிச்சம் இருபத்திரண்டு.
நாற்பத்திரண்டாவது: செ. வாகீசன், வயது பத்தொன்பது.
கடைசியாய்க் கண்ட இடம்: வட்டுவாகல் பாலம்.

தற்போது இருக்கும் இடம்,
அந்தப் பெட்டியில் சிவப்பு நட்சத்திரம்.
நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது.
நேற்று நாற்பத்தொரு தரம் ‘தெரியாது’ எண்டு போட்டன்.
பின்னேரம் அன்ரியிட்டச் சொல்ல
அவ தண்ணிப்போத்தல் மூடியைத் திருகியபடி
“அப்பிடிப் போடாதை.
கேட்டுக்கொண்டிருக்கிறம் எண்டு போடு” எண்டா.

முதல் பேரிலிருந்து திருத்தவேணும்.
பச்சைப் பூட்டைத் திரும்பப் பார்க்கிறன்.
நான் ஒஸ்லோவில் இருக்கிறன்.
வாகீசன், கேட்டுக்கொண்டிருக்கிறம்.