கதவிடுக்கில் ஒரு வெள்ளி

நீல நிற ஒரு வெள்ளி நோட்டைக்
கதவிடுக்கில் வைத்துச் சாத்தி
மெல்ல இழுத்துப் பார்க்கச் சொன்னார் ஆ ஹெங்.
கெட்டியாகப் பிடித்தால் ரப்பருக்கு உயிர் இருக்கிறது.
நழுவினால் இல்லை.

நழுவியது.
மாதக் கடைசியில் என் கையிலிருந்து
மற்ற நோட்டுகள் நழுவுவது போலவே,
சத்தமில்லாமல்.

செந்தூல் அடுக்குமாடி, பதினான்காம் மாடி.
நான் புஷ்பலீலா. தோசை மாவு விற்கிறேன்,
கிலோ ஐந்து வெள்ளி.
அரிசிக்கு இவ்வளவு, உளுந்துக்கு இவ்வளவு,
பிளாஸ்டிக் பைக்கு இவ்வளவு என்று
நோட்டுப்புத்தகத்தில் எழுதி வைப்பவள்
இந்த ஐஸ்பெட்டிக்கு மட்டும் ஒரு வரி ஒதுக்கியதில்லை.
மாவு பொங்குவது இலவசம்.
பொங்காமல் இருக்கத்தான் காசு.

முப்பத்திரண்டு வெள்ளிக்குக் குட்டி மீட்டர் ஒன்று வாங்கி
பிளக்குக்கும் சுவருக்கும் நடுவே மாட்டினேன்.
ஒரு வாரம் பார்த்ததில்
நாளுக்கு இரண்டு புள்ளி நாலு யூனிட்.
யூனிட் ஐம்பது காசு என்று வட்டமாகப் போட்டால்
மாதம் முப்பத்தாறு வெள்ளி.
அதாவது முதல் ஏழு கிலோ மாவையும்
மேலே ஒரு கரண்டியையும்
பெட்டியே தின்றுவிட்டு
ஏப்பம் விடுகிறது ராத்திரியெல்லாம்.

ஜாலான் ஈப்போ கடையில்
ஐந்து நட்சத்திரம் ஒட்டிய புதுப்பெட்டி.
என்ன நட்சத்திரம் என்று கேட்காமல்
எத்தனை நட்சத்திரம் என்று மட்டும் கேட்டு
வீட்டுக்கு அழைத்து வரும் பொருத்தம் இது ஒன்றுதான்.
ஆயிரத்துத் தொள்ளாயிரம் வெள்ளி.
மாதம் இருபத்து நாலு மிச்சம், ஆன்ட்டி,
ஆறரை வருசத்துல போட்ட காசு வந்துடும் என்றான் பையன்.
அவனுக்கு அந்தக் கடையில் வேலை கிடைத்து
ஆறரை மாதம் இருக்கும்.

நான் ரப்பரை மாற்றினேன். நாற்பத்தைந்து வெள்ளி.
பெட்டியைச் சுவரைவிட்டு நாலு விரல் தள்ளினேன்.
பின்னால் கம்பிச் சுருளில் ஒன்பது வருசத் தூசி,
அவருடைய பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தெடுத்தேன்.
குமிழை ஐந்திலிருந்து மூன்றுக்குத் திருப்பினேன்.
மேல்தட்டில் மலையாய் வளர்ந்திருந்த பனியைக் கரைத்தபோது
அடியிலிருந்து கிடைத்தன
ஒரு மீன் தலையும்
யாருடைய பிறந்தநாளுக்கோ வாங்கிய அரைக் கேக்கும்.
இத்தனை நாள் வாடகை கொடுத்து வைத்திருந்தேன் இரண்டையும்.

அடுத்த வாரம் ஒன்று புள்ளி ஏழு.
உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட்டால்
புதுப்பெட்டியின் காசு திரும்பி வர
இப்போது பன்னிரண்டு வருசம் ஆகும்.
பழசைக் கொஞ்சம் கவனிக்கக் கவனிக்கப்
புதுசின் விலை ஏறிவிடுகிறது.
ஒட்டிய நட்சத்திரங்களுக்கு இது தெரியாது.

மூன்றாம் வாரம் ஒன்று புள்ளி ஒன்பது.

நோட்டை வைத்து இழுத்தேன், ரப்பர் விடவில்லை.
குமிழ் மூன்றில்தான் இருந்தது.
சூடான குழம்பு எதையும் உள்ளே வைக்கவில்லை.

இரவு இரண்டேகாலுக்கு எழுந்து வந்தேன்.
கண்டெய்னர் கிடங்கில் ஷிப்ட் முடித்து வந்தவர்
சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு
கதவை அகலத் திறந்து வைத்து நிற்கிறார்.
எதையும் எடுக்கவில்லை. எதையும் தேடவில்லை.
மாவு டப்பாக்களுக்கு நேரே முகத்தைக் காட்டி
கண்ணை மூடியிருக்கிறார்.
வெளியே மார்ச் மாதம்.
விசிறி வெக்கையையே சுற்றிச் சுற்றிப் பரிமாறுகிறது.

முன்னால் விடுகிற குளிரைப்
பின்பக்கம் வெக்கையாக்கி, மேலும் கொஞ்சம் சேர்த்து
இதே அடுக்களைக்குள்தான் கொட்டுகிறது பெட்டி.
கணக்குப்படி இது சுத்த நஷ்டம்.
சொல்லலாம்.
கதவைச் சாத்துங்க, குணா,
நாளுக்குப் பத்துக் காசு போகுது.

பத்துக் காசுக்கு இந்த ஊரில் என்ன கிடைக்கிறது?

எண்ணிக்கொண்டு நின்றேன்.
நாற்பதில் எண்ணுவதை விட்டுவிட்டேன்.
அவர் சாத்தியதும்
மோட்டார் ஒரு முறை குலுங்கி ஓடத் தொடங்கியது.

நான் விளக்கைப் போடவில்லை.
அதுவும் மிச்சம்தான்.