கரி

தெல் அல்-ஹத்தப் மேட்டில்
அதிகாலை நாலரைக்கே வேலை தொடங்கிவிடும்.
பத்து மணிக்கு மேல் யோர்தான் பள்ளத்தாக்கு வெயில்
யாரையும் குனியவிடாது.

சுஹைலா விதைகளைப் பார்ப்பவள்.
வாளித் தண்ணீரில் மண்ணைக் கரைப்பாள்.
மண் அமிழும்; கரிந்தது மிதக்கும்.
மிதந்ததை மெல்லிய துணியில் வடித்து
நிழலில் உலர்த்துவாள்.
எரிந்துபோன ஒரு வீட்டின் மூலையிலிருந்து
பதினொரு வாற்கோதுமை மணிகள்.
(ஒன்றைப் பூனை தட்டிவிட்டது. பத்து.)

அந்த வாரம்தான் டெல்பர்ட் போதகர் வந்தார்,
ஒஹாயோவிலிருந்து, முப்பது பேரோடு.
அகழ்வுக்குப் பாதிப் பணம் அவர் சபையுடையது.
எக்காளம் ஊதி மதில் விழுந்த கதை
அவருக்கு மூச்சு மாதிரி.
சரிந்து கிடந்த பச்சைச் செங்கல்லைத் தொட்டு
அழுதார். நடிப்பில்லை.
மூக்கைத் துடைக்கவும் மறந்து அழுதார்.
"எரிந்திருக்கிறது பாருங்கள், எல்லாம் எரிந்திருக்கிறது."

எரிந்திருக்கிறதுதான்.
யார் மறுத்தது?
நெருப்புக்கு எக்காளம் வேண்டியதில்லை,
கவிழ்ந்த விளக்கு போதும்,
நிலம் ஒருமுறை தோள் குலுக்கினால் போதும்,
அடுத்த ஊர்க்காரனின் பழம்பகை போதும்.

பானையோடுகளுக்கு யோரிட்ஸ்.
சமையலறைத் தராசில் நிறுத்து
நோட்டில் எழுதுவான்:
விளிம்பு, நாற்பது கிராம். கைப்பிடி, நூற்றிரண்டு.
கிடைக்காதவற்றுக்கும் ஒரு பத்தி வைத்திருந்தான்.
சைப்ரஸ் கிண்ணம், இல்லை.
அம்பு முனை, இல்லை.
"இல்லைக்கு எத்தனை கிராம்?"
கூடை சுமக்கும் ஃபவ்வாஸ் கேட்டான்,
கிண்டலாகத்தான்.
யோரிட்ஸ் வெறும் தட்டையே
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆய்வகக் கடிதம் செப்டம்பரில் வந்தது.
கதைக்கு வேண்டிய காலத்துக்கு
நூற்றைம்பது ஆண்டு முன்பே
அறுவடையாகிவிட்டது அந்த வாற்கோதுமை.
முப்பது ஆண்டு முன்பின் இருக்கலாம்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள்.
ஊர் அப்படி ஒரே பதமாய் வேகுவதில்லை.
இன்னும் மூன்று மணிகளை அனுப்பினாள்.
மூன்றும் அதையே சொல்லின.

போதகருக்கு அவள்தான் எழுதினாள்,
நான்கு முறை கிழித்துப்போட்டு:
மதில் இருந்தது. விழுந்தது. எரிந்தது.
நீங்கள் சொல்லும் நாளில் அல்ல.
யார் கை என்று கரிக்குத் தெரியாது.

கரி என்றால் சாட்சி என்றும் ஒரு பொருள்,
பழந்தமிழில்.
சுஹைலாவுக்கு அது தெரியாது.
சொல்ல நான் அங்கே இல்லை.

பதில் வந்தது, மூன்று வரி.
அடுத்த ஆண்டுப் பணத்தைப் பற்றி ஒன்றுமில்லை.
"நடக்கவில்லையென்றே வைத்துக்கொள்வோம்.
பிறகு ஏன் சொன்னார்கள்?
பொய்க்கு இவ்வளவு ஆயுள் கிடைக்குமா?"

அதற்கு உடனே எழுத அவளால் முடியவில்லை.
சாம்பல் அடுக்குக்கு மேலே
இரண்டு விரல் கனத்தில் இன்னொரு அடுக்கு இருந்தது,
படம் எடுக்கக்கூட யாரும் நிற்காத அடுக்கு.
ஆட்டுப் புழுக்கை. மூன்று கல். கொஞ்சம் கரி.
யாரோ பிற்காலத்தில்
இடிந்த மதிலில் முதுகு சாய்த்துத்
தீ மூட்டியிருக்கிறார்கள்.
இரவு நீளம்.
இதை இடித்தது யார் என்று ஒரு குரல் கேட்டிருக்கும்.
கேள்வி விழுந்த இடத்தில்
மௌனம் நெடுநேரம் தாங்காது.

பென்சிலில் அவ்வளவையும் எழுதினாள்.
ஓரத்தில் எழுதினாள்: சான்று இல்லை.
அழிக்கவில்லை. அனுப்பவும் இல்லை.

வெளியே ஃபவ்வாஸ் தேநீருக்கு
மூன்று கல் கூட்டிக்கொண்டிருந்தான்.
"குழிக்குப் பக்கத்தில் வேண்டாம்," என்று கத்தினாள்,
"உன் கரி அதோடு கலந்துவிடும்."
அவன் சிரித்துக்கொண்டே
கல்லை நகர்த்தினான்,
ஓர் அடி மட்டும்.