ஒரு மீட்டர்

ஆணை வந்த ஒன்பதாம் நாள்
ரெங்கம் சாலையில் ஓர் உடும்பு
அவசரமே இல்லாமல் குறுக்கே போனது.
சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றி
அதற்கு வழி விட்டேன்.
அன்று அந்தச் சாலையில்
ஒருவருக்கொருவர் மரியாதை காட்டியது
நாங்கள் இருவர்தான்.

பஸ் நின்றுபோயிருந்தது.
பெட்ரோல் நிலையக் கல்லாவுக்கு மட்டும் விடுப்பில்லை.
மகள் ஐந்தாம் ஆண்டில் ஓட்டிப் போட்ட சைக்கிள்,
ஊதா நிறம், முன்னால் கூடை,
கூடையில் சாப்பாட்டு டப்பா,
பிளாஸ்டிக் உறைக்குள்
முதலாளி கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம்.
ஏழு கிலோமீட்டர்.
இருபுறமும் செம்பனை,
குலை லோரி உதிர்த்த பழங்கள்
தாரோடு தாராக நசுங்கி ஆரஞ்சு நிறத்தில்.

இவ்வளவு அமைதியில்
கார் வருவது வளைவுக்கு முன்பே கேட்கும்.
முதலில் ஒரு வண்டு.
பிறகு மாவு மில்.
பிறகு என் முதுகு.
முதுகுக்கும் காது உண்டென்று
அந்த மாதம்தான் தெரிந்துகொண்டேன்.

எதிரே ஒரு ஈ வரவில்லை.
வலப்பக்கம் முழுச் சாலையும் சும்மா கிடக்கிறது.
ஆனாலும் உரசிக்கொண்டுதான் போவார்கள்,
என் முழங்கைக்கும் அவர்கள் கண்ணாடிக்கும் நடுவே
ரொட்டி சானாய் ஒன்றை நுழைக்கலாம்,
மடிக்காமல் என்றால் முடியாது.
நெரிசல் நாட்களில் இதே ஆட்கள்
கட்டெறும்பைப்போல வரிசையில் ஊர்ந்தவர்கள்.
போலீஸ் எல்லாம் இப்போது
முச்சந்தித் தடுப்பில்
கடிதம் படித்துக்கொண்டிருக்கிறது.

நாங்கள் பந்தயம் ஓட்டுகிறவர்கள் இல்லை.
மில் காவலாளி தில் பகதூர்
கால்சட்டை நிறையப் பாசியோடு வந்து
காற்றடிக்கும் குழாயைக் கேட்டான்.
என்ன ஆச்சு என்றேன்.
"கெரெத்தா," என்றான். அவ்வளவுதான்.
கீரை விற்கும் ஆ லான் மீது
ஓடும் காரிலிருந்து ஐஸ் மைலோ வந்து விழுந்ததாம்.
"பாதி இருந்துச்சு தெரியுமா,"
வீணாய்ப் போச்சே என்பதுதான் அவள் வருத்தம்.

என் முறை ஒரு செவ்வாய்க்கிழமை.
காதுக்குள் ஹார்ன்.
கை தானாகத் திரும்பியது,
சரளைக்கல், காட்டுப்புல், மண்,
கடைசியாகத் தட்டைப்பயற்றுக் குழம்பு.
சிவப்பு ஹைலக்ஸ்.
நம்பரின் கடைசி இரண்டு எழுபத்தொன்று.
எழுந்து பார்த்தபோது
சாலை மறுபடியும்
ஒன்றும் நடக்காததுபோல் இருந்தது.

சிறிய ஊர் இது.
எழுபத்தொன்று எண்ணெய் போட
எங்கே போகும்?

வியாழக்கிழமை வந்தார்.
லோரி கன்ட்ராக்டர் குணநாதன்.
தரையில் நான் ஒட்டிய மஞ்சள் நாடாவில்
செருப்பு நுனி பிசகாமல் நின்றார்.
பின்னால் நெருங்கிய பையனைத் திரும்பிப் பார்த்து,
"தம்பி, ஒரு மீட்டர் தள்ளி நில்லு.
உயிர் விஷயம்," என்றார்.
முழங்கையில் என் காயம்
முகக்கவசத்தைவிட வெள்ளையான துணிக்குள் இருந்தது.
"பார்த்துப் போகக் கூடாதாம்மா,
எங்க விழுந்தீங்க?"

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால்
வாய் மூடிய துணிக்குப் பின்னால்
நான் சொன்னேன்.
முழுதாகச் சொன்னேன்.
"என்ன? கேக்கல."

"ரசீது வேணுமான்னு கேட்டேன்."

ஐம்பது வெள்ளியை
விரல் படாமல் தட்டில் வைத்தார்.

இரவு, கடை அடைத்தபின்
ஓலை மட்டையிலிருந்து ஓர் ஈர்க்கை உருவினேன்.
ஒன்று வளைந்தது; நான்கைச் சேர்த்துக் கட்டினேன்.
சைக்கிளின் வலப்பக்கம்,
சாலையை நோக்கி நீட்டி,
நுனியில் மிச்சமிருந்த மஞ்சள் நாடா.
முனையில் ஒரு துருப்பிடித்த ஆணி.
கடை டேப்பால் அளந்தேன்.
சரியாக ஒரு மீட்டர்.

மறுநாள் வண்டு, மில், முதுகு.
நான் திரும்பவில்லை.
கார் வெள்ளைக்கோட்டைத் தாண்டி
அந்தப் பக்கமாக, அகலமாக,
ஒரு கல்யாண ஊர்வலத்துக்கு விலகுவதுபோல
விலகிப் போனது.

எனக்காக இல்லை.
பெயின்டுக்காக.