படித்தீர்களா, உடைத்தீர்களா

பெர்கனில் அன்றும் மழை.
முகக்கவசத்துக்குள்ளிருந்து கேட்டார் வக்கீல் ஹௌகோஸ்:
"படித்தீர்களா, உடைத்தீர்களா?
சட்டத்துக்கு இரண்டும் வேறு."

என் போன்.
அரசு இறக்கிக்கொள்ளச் சொன்ன செயலி.
தூக்கம் வராத ஓர் இரவு
தையலைப் பிரித்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.
பதினான்கு நாளில் மறந்துவிடுவோம் என்றது முகப்பு.
உள்ளே ஒரு வரி
தொண்ணூறு வரை எண்ணிக்கொண்டிருந்தது.
அமைச்சகத்துக்குத்தான் முதலில் எழுதினேன்.
பதிலில் நன்றி இல்லை,
ஒரு பிரிவு எண் இருந்தது.

"வேறு யாரிடம் சொன்னீர்கள்?"
"தங்கையிடம்."
குறித்துக்கொண்டார். தங்கையின் பெயரையும்.

மேசைமேல் எங்கள் இரண்டு போன்கள்
நாய்கள் போல
ஒன்றையொன்று மோந்துகொண்டிருந்தன.
பதினைந்து நிமிடம் தாண்டினால்
இந்தச் சந்திப்பும் பதிவாகும்.
எந்தக் கோப்பில் என்று எனக்குத் தெரியும்.
சொல்ல வாயெடுத்தேன்.

"வேண்டாம், தோருன்," என்றார்,
பேனாவை மூடியபடி.