வலப்பக்கத் தையல்

வரும்போது அதற்கு முன்சீற் இருக்கவில்லை.
சாவகச்சேரியிலிருந்து கொக்குவில்வரை
சோடாப் பெட்டியொன்றைக் கவிழ்த்துப் போட்டு
அதன்மேல் இருந்து ஓட்டி வந்தான் எமிலியான்.
பின்னால் மோட்டார்சைக்கிளில் நான்.
ஒரு பள்ளத்தையும் அவன் விடவில்லை.
ஒவ்வொன்றிலும் தலை கூரையில் முட்டுவது
பின்கண்ணாடியூடே தெரிந்தது.

ஐம்பத்துமூன்றாம் ஆண்டு ஒஸ்ரின்.
"எஞ்சின் பிழையில்லை, உள்ளுக்குத்தான் சுகமில்லை"
என்றான், வாட்டில் நின்று சொல்பவன்போல.

யோகராணி வந்து எட்டிப் பார்த்தாள்.
"இதுக்குள்ளை ஆர் இருக்கிறது?"
இருந்திருக்கிறார் ஒருவர்.
பின்சீற்றைக் கிளப்பியபோது
தும்புக்கு நடுவே, சுருள்வில் இரண்டுக்கிடையில்
எலியாரின் வீடு.
கூப்பன் மட்டையைக் கடித்துக் கடித்துக் கட்டியது.
ஒரு துண்டில் "சீனி", இன்னொன்றில் "மண்ணெ".
"பங்கீடு அவருக்கும் ஒழுங்காப் போயிருக்கு"
என்றான் எமிலியான்.
மூக்கில் கட்டிய துவாய்க்குள் சிரித்துத் தும்மினோம்.

மண்ணெண்ணெயில் ஓடிய கார்தான்.
மூக்கு அதை ஏற்கெனவே சொல்லியிருந்தது.
சவர்க்காரம், தேசிக்காய், கோப்பித்தூள்,
கதவு நாலும் திறந்து மூன்று நாள் வெயில்.
மணம் மசியவில்லை.
நாலாம் நாள் நாங்கள் மசிந்தோம்.

ஸ்ரான்லி வீதிக் கடைக்காரன்
மரூன் என்று வெட்டித் தந்த றெக்சின்
வீட்டு வெளிச்சத்தில் பீற்றூட்டாக இருந்தது.
அதிலும் ஒன்றரை அடி குறைவு.
அளந்தது நான்.
எமிலியான் அதைப்பற்றி இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை.
ஏசியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

ஊசி மூன்று முறிந்ததும்
யோகராணி தன் மெசினை மூடிப் பூட்டினாள்.
பிறகு கைத்தையல்.
இடப்பக்கம் நான், வலப்பக்கம் அவன்.
குருநகரில் வள்ளங்களுக்கு பைபர் ஒட்டுகிற கை,
இருட்டிலும் வலை பொத்துகிற கை,
நூல் பிடித்ததுபோல வரவேண்டிய தையல்
ஈரமணலில் நண்டு போன தடமாய் வந்தது.
"கள்ளடிச்சுப்போட்டோ தைச்சனி?" என்றேன்.
பகிடிக்குத்தான்.
அவன் பசை ரின்னின் மூடியை
தேவைக்கு மேலே இறுக்கினான்.

கூரைத்துணிக்கு நாலு கை வேண்டும்.
கதவுக்கு வெளியே கால்கள் நீட்டி
இருவரும் உள்ளே மல்லாந்து கிடந்தோம்,
வாய் நிறையச் சின்ன ஆணிகள்.
இவன் இழுக்க அங்கே சுருங்கியது,
நான் இழுக்க இங்கே.
சுருக்கம் பல்லிபோல மூலைக்கு மூலை ஓடியது.
ஆணிகளுக்கிடையால் அவன் ஏதோ சொன்னான்.
"ங்?" என்றேன், நானும் ஆணிகளுக்கிடையால்.
"ம்ம்" என்று விட்டுவிட்டான்.

கடைசி ஆணியும் வாயைவிட்டுப் போனபிறகு,
துணியைப் பார்த்தபடியே சொன்னான்:
"ரண்டு கண்ணிலையும் நடுவாலை ஒரு புகை, மச்சான்.
சுத்திவர எல்லாம் தெரியுது.
ஊசி போற இடம் மட்டும் தெரியேல்லை."

எவ்வளவு காலம் என்று கேட்கவில்லை.
சோடாப் பெட்டிதான் நினைவுக்கு வந்தது.
சாவகச்சேரி, கைதடி, நாவற்குழிப் பாலம்,
எதிரே வந்த பஸ்கள்.
தலை முட்டிய அத்தனை பள்ளமும்.
முதுகுக்குக் கீழே வியர்வை குளிர்ந்தது.

"தையல் அப்பிடியே கிடக்கட்டும்" என்றேன்.
"ஏன்? பாவம் பாக்கிறியோ?"
பிளேட்டைத் தடவி எடுத்து
தன் தையலைத் தானே அறுத்தான்,
கோபமில்லாமல், ஒவ்வொன்றாக.
நான் தைத்தேன். அவன் ரோச் பிடித்தான்.
வெளிச்சம் இரண்டு அங்குலம் தள்ளியே விழுந்தது.
நானும் ஒன்றும் சொல்லவில்லை.
ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி.

குறைந்த இடத்துக்கு, பின்சீற்றின் அடியில்
நீலத் தறப்பாள் துண்டு வைத்தோம்.
அதைத் தெரிந்தவர்கள் மூன்று பேர்,
எலியார் திரும்பி வந்தால் நாலு.

திங்கட்கிழமை பெரியாஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்கு
அதில்தான் போனோம். ஓட்டியது நான்.
பக்கத்துச் சீற்றில் பீற்றூட் நிறத்தில் சாய்ந்திருந்து
"முன்னுக்குப் பள்ளம், மெள்ள" என்று
வழிநெடுக அவன் சொல்லிக்கொண்டு வந்தான்.
பாதி சரியாயிருந்தது.